பிள்ளைகுட்டிக்காரனுக்கு எதற்குச் சுதந்திரம்?

"பிள்ளைகுட்டிக்காரன், உனக்கு ஏன் இந்த வம்பு?"

இந்த வார்த்தையைக் காதால் கேட்காத தொழிலாளி தமிழ்நாட்டில் உண்டா? மில்லில் மேஸ்திரி சொல்லுகிறார். வயல் வரப்பில் பண்ணைக் கணக்கப்பிள்ளை சொல்லுகிறார். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு நாலு அதட்டல் அதட்டிவிட்டு, ஐந்தாவதாக ஏதோ இரக்கப்பட்டவர் போல இதைச் சொல்லுகிறார். ஊர் நாட்டாண்மையும் சொல்லுகிறார். எல்லோரிடமும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், பெற்ற தாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே சொல்லுகிறாள்.

வார்த்தை ஒன்றுதான். ஆனால் தாய் சொல்வதும் மேஸ்திரி சொல்வதும் ஒன்றாகிவிடுமா? தாய் பயத்தினால் சொல்லுகிறாள். மற்றவர்களோ அந்தப் பயத்தை உண்டாக்குகிறவர்கள். அல்லது உண்டாக்குகிறவர்களிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல், "நம் ஜனங்கள் கோழைகள், பெண்டாட்டி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள்" என்று திட்டுகிற தோழர்கள் சிலர் உண்டு. அவர்கள் பேச்சு நமக்குச் சம்மதமில்லை. நம் ஜனங்கள் காரணமில்லாமல் பயப்படவில்லை. அந்தக் காரணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

1950 ஜனவரி 26ந் தேதி முதல் அமலில் இருக்கும் நமது அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு, பேசவும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும், சங்கம் அமைக்கவும் பிரஜைகள் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. கலியாணமாகாதவர்களுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஆனால் நடப்பு என்ன? குடும்பம் என்று ஒன்று வந்துவிட்டால் அந்தப் பிரிவு உனக்குப் பொருந்தாது, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்பதுதான் நடப்பு.

பட்டணத்தில் மண்டபம் பிடித்துப் பேச்சு சுதந்திரத்தைப் பற்றிக் கூட்டம் போடுகிறவர்கள், தடை செய்யப்பட்ட புத்தகத்தைப் பற்றியும் வெட்டப்பட்ட சினிமாவைப் பற்றியும் பேசுகிறார்கள். பேசட்டும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் உழைக்கிறவனின் பேச்சு சுதந்திரம் அவன் வீட்டு அரிசிப் பானையில் இருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். வாஸ்தவந்தான். ஆனால் ஆளுகிறவர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். உலையையே அணைத்துவிட்டால் ஊர் வாய் தானே மூடிக்கொள்ளும் என்று அவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். வாயை அடைக்க வருகிறவன் வாய்க்கு நேரே வருவதில்லை. கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் வருகிறான்.

பழைய தஞ்சை ஜில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணையாள் என்பவன் தனி ஆள் அல்ல. அவன் பண்ணையில் சேர்ந்தால் மனைவி நாற்று நட வேண்டும்; பையன் மாடு மேய்க்க வேண்டும். கூலி அற்பம். அதற்கு மேல் ஒன்று இருந்தது: குடிசை. குடிசை அவன் கட்டியது, மண் மிராசுதாருடையது. மிராசுதாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் கூலி போவது ஒரு பக்கம், அன்று சாயங்காலத்துக்குள் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். சாணிப்பாலையும் சவுக்கடியையும் பற்றி எல்லோரும் சொல்லுகிறோம், எழுதுகிறோம். ஆனால் சவுக்கை எடுக்காமலே வேலை நடந்ததற்குக் காரணம் இந்த மனைக்கட்டுத்தான். அடிபட்டவன் ஒருவன் என்றால், குடிசை போய்விடுமே என்று வாய் திறக்காமல் இருந்தவர்கள் நூறு பேர்.

இந்தக் கட்டு சும்மா அவிழவில்லை. செங்கொடியின் கீழ் நடந்த பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1952ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961ல் குடியிருப்பை விட்டு வெளியேற்றக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. குடியிருந்த மனையைக் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971ல்தான் வந்தது. இதை வெறும் வீட்டுமனை விவகாரம் என்று எண்ணிவிடக் கூடாது. 19வது பிரிவு 1950லேயே வந்துவிட்டது. அந்தப் பிரிவை உபயோகப்படுத்தக் காலூன்றி நிற்பதற்கு ஒரு பிடி மண், அதற்கு 21 வருஷங்களுக்குப் பிறகு வந்தது. நம் அபிப்பிராயத்தில், விவசாயக் கூலிக்குப் பேச்சு சுதந்திரத்தைக் கொடுத்த சட்டங்களில் 1971ம் வருஷத்துச் சட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சட்டப் புத்தகம் எழுதுகிறவர்கள் சேர்ப்பதில்லை.

அந்த இடைக்காலத்தில் நடந்ததுதான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு. கூலி நெல் கூட்டிக் கேட்டார்கள். சங்கத்தை விட்டு விலகச் சொன்னபோது விலக மறுத்தார்கள். தகராறு நடந்தது வயலில். பதில் சொன்னது எங்கே? வீட்டில். ஒரே குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். சங்கத்தில் பெயர் எழுதாத, சந்தா கட்டாத, பால் குடி மறக்காத குழந்தைக்கும் அதே தண்டனை.

வயலுக்கு மட்டும் இது பொருந்தும் என்று மில் தொழிலாளி நினைக்க வேண்டாம். மலைத் தோட்டங்களில் இன்றும் லயன் வீடுதான். வேலை போனால் வீடும் போய்விடும். வீடு போனால் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடமும் போய்விடும். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் கிடந்தவர்களின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23ந் தேதி திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணி ஆற்றில் 17 பேர் மாண்டார்கள். பெண்களும் அதில் உண்டு, சின்னஞ்சிறு குழந்தை ஒன்றும் உண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்துக்கு ஏன் வந்தார்கள் என்று அப்போது கேட்ட புண்ணியவான்கள் இருந்தார்கள். குழந்தையை வேறு எங்கே விடுவார்கள்? ஆயா வைத்துக்கொண்டா தேயிலை பறிக்கிறார்கள்?

இப்போது முறைகள் கொஞ்சம் நாகரிகமாகிவிட்டன. குடிசையைக் கொளுத்த வேண்டியதில்லை, ஒரு காகிதம் போதும். 2011லும் 2012லும் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து நின்ற இடிந்தகரை வட்டாரத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதிவாயின. ராஜத்துரோகமும் அதில் ஒன்று. கடலோர மீனவர் குடும்பத்தில் ஒரு பையன் தலையெடுத்தால் வளைகுடா நாட்டுக்குப் போய்ச் சம்பாதித்து அக்காள் தங்கையைக் கரையேற்ற வேண்டும். அவன் பெயர் ஒரு எப்.ஐ.ஆரில் இருந்தால் பாஸ்போர்ட் எப்படி வரும்? ஜெயிலுக்குப் போகாமலே குடும்பம் முழுவதும் தண்டனை அனுபவிக்கிறது. 2013 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்த வழக்குகளை வாபஸ் வாங்க முயற்சி எடுக்க வேண்டும் என்று தன் தீர்ப்பிலேயே சொல்ல வேண்டி வந்தது. ராஜத்துரோகப் பிரிவை 2022 மே மாதம் அதே கோர்ட் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1ந் தேதி பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தபோது ராஜத்துரோகம் என்ற பெயர் போய்விட்டது. 152வது பிரிவு என்று வேறு வேஷத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தண்டனை ஆயுள் வரைக்கும் போகலாம்.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ம் வருஷத்துச் சட்டத்தையும் பாருங்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனையும் போதைப்பொருள் விற்கிறவனையும் ரவுடியையும் பிடித்து வைக்க என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம். விசாரணை இல்லை, 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். 2017 ஜூலையில் இந்தச் சட்டத்தில் பிடிபட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நெடுவாசல் எண்ணெய் வாயுத் திட்டத்தை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஒரு மாணவி! செப்டம்பரில் ஹைகோர்ட் அந்த உத்தரவை ரத்துச் செய்தது. நல்லது. ஆனால் இடையில் போன நாட்களை எந்தக் கோர்ட் திருப்பிக் கொடுக்கும்? 12 மாதம் என்று சட்டம் சொல்லுகிறது. மாதச் சம்பளத்தில் ஜீவிக்கும் வீட்டில் அதற்குப் பொருள் வேறு. முதல் மாதம் கைமாற்று. இரண்டாம் மாதம் காதில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும். மூன்றாம் மாதம் குழுக் கடன்காரர்கள் வாசலில் நிற்பார்கள். ஐந்தாம் மாதம் மூத்த பெண்ணின் படிப்பு நின்று, அவளும் பஞ்சாலைக்குப் போவாள். உள்ளே இருப்பவன் ஒருவன், ஆனால் தண்டனைக்கு ஆள் கணக்கு ஐந்து.

ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டவர்களின் பெயர்களைப் பாருங்கள். பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் தாய். கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்களும் அதில் உண்டு. பிரஜா உரிமையைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேசியிராத இந்தப் பெண்கள்தான் இந்த நாட்டில் அந்த உரிமைக்காகக் கோர்ட் படி ஏறுகிறவர்கள்.

விசாரணையில்லாமல் பிடித்து வைக்கும் இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. தோழர் ஏ.கே. கோபாலனை 1947 டிசம்பரிலிருந்து சென்னை சர்க்கார் அடைத்து வைத்திருந்தது. அரசியல் சட்டம் அமலுக்கு வந்து 16வது நாள், 1950 பிப்ரவரி 11ந் தேதி, சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் தடுப்புக் காவல் சட்டம் பிறந்தது. அதை எதிர்த்துக் கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1950 மே 19ந் தேதி தீர்ப்பு. ஆறு நீதிபதிகள். காவலில் வைத்த காரணத்தைக் கோர்ட்டுக்குக்கூடச் சொல்லக்கூடாது என்ற 14வது பிரிவைத் தள்ளினார்கள். மற்றபடி சட்டம் செல்லும் என்றது மெஜாரிட்டி. நீதிபதி பசல் அலி அதற்குச் சம்மதிக்கவில்லை. ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கும் முறை நியாயமான முறையாக இருக்க வேண்டும், காகிதத்தில் சட்டம் என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது என்ற கருத்தில் மாறுபட்ட தீர்ப்பை எழுதி வைத்தார். அன்றைக்கு அவர் தோற்றவர். 1970லும் 1978லும் அதே கோர்ட் தன் வழியை மாற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்து சேர்ந்தது. நெருக்கடி நிலையின்போதும் இதே கதைதான். ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று 1976 ஏப்ரல் 28ந் தேதி நாலு நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி கன்னா ஒருவர் மட்டும் முடியும் என்றார். தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த மெஜாரிட்டி தீர்ப்பு தவறு என்று 2017ல் ஒன்பது நீதிபதிகள் கூடிச் சொன்னார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தோற்ற அபிப்பிராயத்தையும் அச்சுப்போட்டு, ஜெயித்த தீர்ப்போடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் 20 வருஷம் கழித்து, 40 வருஷம் கழித்து ஒருவன் அதைத் தேடி எடுக்க முடிந்தது. இதை இன்னொரு இடத்துக்கும் நாம் பொருத்திப் பார்க்கப் போகிறோம். அதற்கு முன்னால் ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கேரளத்தில் ஈச்சர வாரியர் என்று ஒரு ஹிந்திப் பேராசிரியர். அவர் மகன் ராஜன், கோழிக்கோடு பிராந்திய இஞ்சினீயரிங் கல்லூரி மாணவன். நெருக்கடி நிலைக் காலம், 1976 மார்ச் 1ந் தேதி போலீஸ் அவனைக் கொண்டுபோயிற்று. கக்கயம் முகாமில் சித்திரவதை. அதன்பின் அவனைக் கண்டவர் இல்லை. தகப்பன் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். மந்திரி வீட்டுக் கதவையும் தட்டினார். நெருக்கடி நிலை நீங்கியதும், 1977 மார்ச்சில் கேரள ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். அந்த வழக்கின் விளைவாக, முதல் மந்திரி நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்த கருணாகரன் ஏப்ரலில் ராஜினாமாச் செய்ய நேர்ந்தது. மகனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. எந்த ராத்திரியிலும் பசியோடு வந்து நிற்பானோ என்று அந்த வீட்டில் அவனுக்காகச் சோறு எடுத்து வைத்திருந்தார்கள். மகன் இல்லை என்ற செய்தியைத் தாயாரிடம் சொல்லாமலே வைத்திருந்து, அவரும் 2000த்தில் கண்மூடினார். வாரியர் 2006ல் காலமானார்.

"பிள்ளைகுட்டிக்காரன், உனக்கு ஏன் வம்பு" என்று வாரியரிடம் யாராவது சொல்லியிருக்க முடியுமா? பிள்ளை இருந்ததால்தானே அவர் சர்க்காரோடு வம்புக்குப் போனார்! குடும்பம் மனிதனைக் கோழையாக்குகிறது என்பது பாதி உண்மைதான்.

நிற்க. இந்த ஆளும் கூட்டத்தாருக்குக் குடும்பம் என்ற வார்த்தை மீது ஒரு தனிப் பிரியம் உண்டு. "சர்க்கார் தாய் தகப்பன் மாதிரி, எதிர்த்துப் பேசலாமா?" என்பார்கள். மில் நிர்வாகம் ஆயுத பூஜையன்று பொரிகடலை கொடுத்துவிட்டு, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொற்பொழிவு செய்யும். போனஸ் பேசும் நாளில் அந்தக் குடும்பம் எங்கே போகிறது என்று கேட்டால் பதில் இல்லை. 2024 செப்டம்பர் 9ந் தேதியிலிருந்து 37 நாட்கள் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, எதற்கு? சங்கம் வைத்துக்கொள்ள, அந்தச் சங்கத்தோடு நிர்வாகம் பேச. 1926லேயே சட்டம் கொடுத்த உரிமை. பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள். கோர்ட் வரை போய் 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று. ஒரே குடும்பம் என்று பேசுகிறவர்கள், அந்தக் குடும்பத்தில் நாலு பேர் சேர்ந்து தனியாக உட்கார்ந்து பேசினால் ஏன் நடுங்குகிறார்கள்?

அவர்கள் மனதில் இருக்கிற குடும்பம் எப்படிப்பட்டது என்று யோசித்தால் விடை கிடைக்கும். ஒருவன் பேசுவான், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒருவன் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை மற்றவர்கள் சாப்பிட வேண்டும். அப்படிப்பட்ட குடும்பத்தை அவர்கள் எங்கே பார்த்தார்கள்? சங்கடமாக இருந்தாலும் சொல்லித்தான் தீர வேண்டும்: நம் வீடுகளிலும் அதைப் பார்க்கலாம்.

மில் கேட்டில் "அடக்குமுறை ஒழிக" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிற தொழிலாளி, வீட்டில் மனைவி, "ஏனுங்க, இந்த மாசம் சீட்டுப் பணம் கட்டலையே" என்று ஒரு வார்த்தை கேட்டால் தட்டைத் தூக்கி எறிகிறான். மகள் தன் மனதுக்குப் பிடித்தவனின் பெயரைச் சொல்லிவிட்டால் சங்கக் கொடி பிடித்த கையே சாதியின் பெயரால் ஓங்குகிறது. வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ள வீட்டார் சம்மதமோ ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு எத்தனை வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது? கேள்வி கேட்பது குற்றம் என்று வீட்டில் படித்து வளர்ந்த பையன், நாளை மில்லில் சூப்பர்வைசரிடம் எப்படிக் கேள்வி கேட்பான்? தலை குனிவதை அவன் மில்லில் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொண்டுதான் உள்ளே வருகிறான்.

பெண்ணின் மாறுபட்ட அபிப்பிராயத்தைக் கேட்பது தர்மத்துக்காக மட்டும் அல்ல. அவளுக்குத் தெரிந்த கணக்கு நமக்குத் தெரியாது. 2023 ஏப்ரல் 21ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு வழி திறந்துவிடும் மசோதா. வாரத்துக்கு நாலு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு, இதில் என்ன நஷ்டம் என்று மெத்தப் படித்தவர்கள் டெலிவிஷனில் விளக்கினார்கள். ஆண்களில் சிலருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பஞ்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்குக் கணக்குப் போட இரண்டு நிமிஷம் போதும். வேலை 12 மணி. போகவர பஸ்ஸுக்கு 2 மணி. மிச்சம் 10. அதில் காலைச் சமையல், ராத்திரிச் சமையல், தண்ணீர் பிடிப்பது, துணி, பிள்ளைகள், படுத்த மாமியாருக்கு மருந்து. தூங்குவது எப்போது? ஓய்வு நாள் மூன்று என்கிறார்களே, அன்றைக்கு அடுப்புக்கும் லீவு உண்டா? சர்க்காரை ஆதரித்த கட்சிகளே சபையை விட்டு வெளிநடப்புச் செய்தன. சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. மூன்றாம் நாளே, 24ந் தேதி, நிறுத்தி வைக்கிறோம் என்றார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று முதல் மந்திரி அறிவித்தார். சிநேகிதர்களும் எதிர்த்துப் பேசியதால் சர்க்கார் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. ஒரு தப்பிலிருந்து தப்பித்துக்கொண்டது.

சங்கத்துக்கும் இது பொருந்தும். ஸ்டிரைக் செய்வதா வேண்டாமா என்று பொதுக்குழு கூடுகிறது. நூறு பேர் கை தூக்குகிறார்கள். ஒருவர் எழுந்து, "ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது, இப்போது ஆரம்பித்தால் பத்து நாள் தாங்காது, ஆகஸ்டில் வைத்துக்கொள்ளலாம்" என்கிறார். உடனே அவரைக் கருங்காலி என்று கூச்சல் போடுவதா? பசல் அலி எழுதியதை எப்படிக் கட்டி வைத்தார்களோ, அப்படி மினிட் புத்தகத்தில் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். தீர்மானம் நிறைவேறிய பிறகு அவரும் சேர்ந்து நிற்பார், நிற்க வேண்டும். பதினொன்றாம் நாள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் சங்கத்துக்கே வரலாம்.

இதை இப்போது வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 21ந் தேதி மத்திய சர்க்கார் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கிவிட்டது. அதில் தொழில் உறவுத் தொகுப்பின்படி எந்தத் தொழிற்சாலையில் ஸ்டிரைக் செய்தாலும் 14 நாள் முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய 1947ம் வருஷத்துச் சட்டத்தில் பொதுப் பயன்பாட்டுத் தொழில்களுக்கு மட்டுமே இருந்த கட்டாயம் இது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு எடுத்தால் அதுவும் ஸ்டிரைக்தான். சட்டத்துக்கு மாறாக ஸ்டிரைக் செய்தால் அபராதம் உண்டு, ஒரு மாதம் வரை ஜெயிலும் உண்டு. இந்தச் சட்டத்தை எதிர்க்க வேண்டியது வேறு வேலை. ஆனால் இருக்கும்வரை அந்த 14 நாளை நாம் என்ன செய்யப் போகிறோம்? நிர்வாகம் அந்த நாட்களில் சும்மா இருக்காது. வெளி ஆட்களைப் பிடிக்கும், ஸ்டாக் சேர்க்கும், ஒவ்வொரு தொழிலாளி வீட்டுக்கும் ஆள் அனுப்பி மனைவியிடமும் மாமனாரிடமும் பேசும். "அம்மா, உங்கள் வீட்டுக்காரர் பிள்ளைகுட்டிக்காரர்..." என்று ஆரம்பிக்கும். அந்த ஆள் போவதற்கு முன்பு சங்கம் அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். முதலாளிக்கு நோட்டீஸ் கொடுக்கிற அன்றே வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். வீட்டில் அரிசி எத்தனை நாளைக்கு, கடன் தவணை எந்தத் தேதி, யார் வீட்டில் பிரசவம் நெருங்கியிருக்கிறது என்ற கணக்கைப் பெண்களிடம் கேட்டு எழுதாத ஸ்டிரைக் கமிட்டி அரைக் கமிட்டிதான். நிதி வினியோகிக்கும் பொறுப்பைப் பெண்களிடமே கொடுப்பது நல்லது. நம் அனுபவத்தில், அங்கே கணக்குப் பிசகுவதும் குறைவு, டீக்கடையில் கரைவதும் குறைவு.

போலீஸ் வந்தால் என்ன செய்வது என்பதும் வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். பிடித்துக்கொண்டு போகப்பட்டவன் அதைச் சொல்ல வீட்டில் இருக்க மாட்டான். கைது செய்ய வருகிற போலீஸ்காரர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டார் ஒருவரிடமோ ஊரில் மதிப்புள்ள ஒருவரிடமோ சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். சொந்தக்காரருக்கோ சிநேகிதருக்கோ தகவல் கொடுக்கச் சொல்லும் உரிமை கைதானவருக்கு உண்டு. பிரயாண நேரம் போக 24 மணிக்குள் மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும், தனிப்பட்ட அவசரத்தில் மாஜிஸ்டிரேட் அனுமதி பெற்றுப் பெண் போலீஸ் அதிகாரி வந்தாலொழிய, பெண்களைக் கைது செய்யக்கூடாது. குண்டர் சட்டம் என்றால் 24 மணிக் கணக்கு பொருந்தாது. ஆனால் ஐந்து நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுத்தாக வேண்டும், அதுவும் உள்ளே இருப்பவருக்குப் புரியும் பாஷையில். இந்த ஒரு குறைக்காகவே ரத்தான உத்தரவுகள் உண்டு. ஆகவே கொடுத்த காகிதத்தில் ஒரு துண்டைக்கூடத் தொலைக்கக் கூடாது. பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உதவி பெற 1987ம் வருஷத்துச் சட்டத்தில் இடம் உண்டு. தாலூகாக் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிக் குழு ஆபீஸ் எங்கே என்று விசாரித்தால் காட்டுவார்கள்.

இவ்வளவையும் ஒரு பக்கத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, சங்க வக்கீலின் டெலிபோன் நம்பரையும் அடியில் போட்டு, வீட்டுக்கு ஒன்று கொடுக்கலாம். காலண்டருக்குப் பக்கத்தில், ரேஷன் கார்டு மாட்டுகிற ஆணியிலேயே அதையும் மாட்டி வைக்கட்டும்.